ஆயிரம் பக்க நாவலைத் தொடுவதா, விடுவதா: முடிவெடுக்கும்போது செய்யும் தவறுகள்

கூரியர் தம்பி பார்சலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னண்ணா, செங்கல்லா?” என்று கேட்டான். உள்ளே அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸின் ‘இன்ஃபினிட் ஜெஸ்ட்’. 1996-இல் வந்த நாவல், 1079 பக்கம். தருமபுரியில் எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வருடம் சும்மா கிடந்தது. படிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்காமல் வாங்கியதுதான் முதல் தவறு. அப்புறம் கொடுத்த காசுதான் “படி, படி” என்று நச்சரிக்கும். கிண்டிலில் மாதிரிப் பக்கங்கள் இலவசம். அதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

பாதிதான். ஏனென்றால் இதன் முதல் அத்தியாயத்தில் வருவது, கதைக் காலப்படி கடைசியில் நடப்பது. வருடங்களுக்கு எண்ணும் கிடையாது. கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கிய பெயர்கள்தான். ஒரு வருடத்துக்குப் பெரியவர்கள் கட்டும் டயாப்பரின் பெயர்! எது முன், எது பின் என்ற பட்டியல் 223-ஆம் பக்கத்தில்தான் வருகிறது. ஐம்பதாவது பக்கத்திலேயே “நம்ம இங்கிலீஷ் இதுக்குப் பத்தாது” என்று மூடி வைத்தவன் நான். இங்கிலீஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கதை நடக்கும் பாஸ்டனிலேயே பிறந்தவருக்கும் அந்த இடத்தில் தலை சுற்றத்தான் செய்யும்.

எல்லாக் கஷ்டத்தையும் ஒரே கஷ்டமாக எடுத்துக்கொள்வதைத்தான் பெரிய தவறு என்பேன். ஓசூரிலிருந்து எழுதும் பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ நாவலை (2008) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வாக்கியம் ஒன்று கிளம்பினால் எப்போது நிற்கும் என்று தெரியாது. மூச்சுப் பிடித்துக்கொண்டு கூடவே போக வேண்டும். வாலஸிடம் சிக்கல் வேறு. புத்தகத்தின் பின்பக்கம் 388 குறிப்புகள், கிட்டத்தட்ட நூறு பக்கம். அடிக்குறிப்புதானே என்று தாண்டினால் கதையே கையை விட்டுப் போகும். நான் முன்பக்கத்துக்கு ஒரு பஸ் டிக்கெட், பின்பக்கத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை என்று இரண்டு அடையாளம் வைத்துக்கொண்டேன். கதையில் பாதி ஒரு டென்னிஸ் அகாடமியில், பாதி போதையிலிருந்து மீள்கிறவர்களின் விடுதியில். வீட்டில் ஒரு குடிகாரரோடு வாழ்ந்தவர்களுக்கு அந்த விடுதிப் பக்கங்களில் அகராதி தேவைப்படாது.

அகராதி என்றதும் இன்னொன்று. ஒரு வரி விடாமல் புரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இருபது பக்கம் தாண்டாது. எங்கள் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். நடுச்சாமத்தில் பாதி ஜனம் பாயில் சாய்ந்துவிடும். துகிலுரிதல் வரும்போது யாராவது தட்டி எழுப்புவார்கள். நடுவில் தூங்கினவர் கூத்தே பார்க்கவில்லை என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. மூன்றாவது தடவை நாவலை எடுத்தபோது, தெரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டுக்கொண்டு நகர்ந்தேன்.

பரிசைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். இன்னொரு அமெரிக்கரான தாமஸ் பின்ச்சனின் ‘கிராவிட்டிஸ் ரெயின்போ’ நாவலுக்கு 1974-இல் அந்த நாட்டின் புலிட்சர் பரிசைக் கொடுக்கலாம் என்று நடுவர்கள் மூன்று பேரும் சொன்னார்கள். கடைசி முடிவெடுக்கும் புலிட்சர் வாரியம் மறுத்துவிட்டது. அந்த வருடம் புனைவுக்குப் பரிசே இல்லை. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாததை வைத்து நாம் என்ன முடிவெடுப்பது?

யூடியூபில் கதைச் சுருக்கம் கேட்டுவிட்டு இறங்குவதிலும் பிரயோஜனம் இல்லை. ‘இன்ஃபினிட் ஜெஸ்ட்’ முடிச்சுகளை அவிழ்க்காமலே நின்றுவிடும். கடைசிப் பக்கத்திலிருந்து முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். முடிவு தெரியாவிட்டால் எரிச்சல் வரும் ஆள் என்றால், இப்போதே விட்டுவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓசூருக்கு வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர் என் பிரதியை வாங்கிப்போய் பஸ்ஸில் படித்தார். அந்த வருடப் பட்டியல் வரை வந்தார். “இப்ப புரியுது. ஆனா எனக்கு இது வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சரியான முடிவு. இப்போது ‘தாண்டவராயன் கதை’யில் இருக்கிறார், சூளகிரி தாண்டினாலும் வாக்கியம் முடியவில்லையாம்.