பழைய துப்பாக்கிக்குப் பாலிஷ் போடாதீர்கள்

அமெரிக்காவில் தாத்தா காலமானதும் பீரோவிலிருந்து ஒரு ரைஃபிள் பேரன் கைக்கு வருவது சர்வசாதாரணம். விற்கலாம் என்று முடிவெடுத்ததும் அவர் பெரும்பாலும் செய்கிற முதல் வேலை, துருவைத் தேய்த்து, மங்கிப்போன மெருகைப் புதிதாக ஏற்றுவது. பழைய காரை விற்கும் முன் பெயின்ட் அடிக்கிற அதே கணக்கு. காருக்கு அது எடுபடலாம். சேகரிப்பாளர் தேடுகிற துப்பாக்கியாக இருந்தால், அந்த ஒரு வேலையிலேயே விலை பாதியாகிவிடலாம்.

ஏன் என்று கேட்டால், குழலின் மேல் தெரியும் கருநீல மெருகு பூச்சு அல்ல. ப்ளூயிங் எனப்படும் இந்த மெருகு, இரும்பின் மேற்பரப்பையே ரசாயனத்தால் பதமாகத் துருப்பிடிக்கவைத்து உண்டாக்குவது. மறுபடி செய்ய வேண்டுமானால் பழையதை உரித்துவிட்டு, இரும்பைச் சுழலும் மெருகுச் சக்கரத்தில் பிடிக்க வேண்டும். அங்கேதான் பணம் தூளாகப் போகிறது. கம்பெனிப் பெயர் பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கும். கூரான மூலைகள் உருண்டுவிடும். ஸ்குரூ துளையைச் சுற்றி லேசான பள்ளம் விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் பிம்பம் நெளியும். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் என்றால் இன்னும் சுலபம். அதன் சுத்தியலும் விசையும் பழுப்பும் நீலமும் கலந்த திட்டுத்திட்டான நிறத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். அவையும் குழலைப் போல ஒரே கருநீலமாக மின்னினால், யாரோ மொத்தமாகத் தொட்டியில் முக்கி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தெரிந்த வியாபாரி இதைப் பார்க்க அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். மெல்லிய எண்ணெய் தடவி, மேலே படிந்த துருவை மட்டும் பொறுமையாக எடுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.

துளை போடுவதும் இதே சாதி. தொலைநோக்கி பொருத்த ஒரு கூடுதல் துளை, தோளில் உதைக்காமல் இருக்கத் துப்பாக்கியின் பின்புற மரக்கட்டையை அறுத்து ஒட்டிய ரப்பர்: வேட்டைக்குப் போகிறவருக்கு இரண்டும் வசதிதான், வாங்க வருகிறவருக்கு இரண்டும் காயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவ உபரியாக வந்த மவுசர், ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்கள் மலிவாகக் கிடைத்ததால், ஆயிரக்கணக்கானவர்கள் குழலைக் குறைத்து, கட்டையைச் செதுக்கி, மான் வேட்டைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்று கைபடாமல் தப்பிய ரைஃபிளுக்குக் கிடைக்கும் விலையில் ஒரு பகுதிதான் அவற்றுக்கு.

அப்புறம், பழசு என்றாலே காசு என்ற நம்பிக்கை. நூறு வருடத்துக்கு முன் சாமான் கடைகளில் விற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கிகளை இன்றும் யாரும் சீந்துவதில்லை. அவ்வளவு செய்து குவித்திருக்கிறார்கள். மறுபக்கம், 1936இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க 1964இல் அதன் வடிவமைப்பை மாற்றினார்கள். தோட்டாவை நகம்போலப் பற்றி இழுக்கும் பெரிய கொக்கி போயிற்று. பிடிமானத்துக்காக மரத்தில் செதுக்கிய கட்டங்களுக்குப் பதில் அழுத்திப் பதித்த கட்டங்கள் வந்தன. வாங்குகிறவர்கள் மன்னிக்கவே இல்லை. 1963இல் செய்ததற்கும் 1965இல் செய்ததற்கும் வயதில் இரண்டே வருட வித்தியாசம், விலையில் அப்படி இல்லை.

"நினைவுப் பதிப்பு" என்ற பெயரில் வருபவற்றிடம் எச்சரிக்கையாக இருங்கள். வின்செஸ்டர் தன் நூற்றாண்டுக்காக 1966இல் தங்கநிற நடுப்பாகத்தோடு வெளியிட்ட ரைஃபிள் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. பேரனுக்கு உதவும் என்று வாங்கியவர்கள் எல்லோரும் பத்திரமாகவே வைத்திருந்தார்கள், அதனால் இன்றும் புத்தம்புதியது ஏராளம். பெட்டி இல்லாமலோ சுட்ட தடயத்தோடோ இருந்தால், சாதாரண வேட்டை ரைஃபிள் விலைதான்.

சரி, கதைக்கு விலை உண்டா? பில்லி தி கிட் என்ற பிரபல கொள்ளைக்காரனை 1881இல் ஷெரிஃப் பாட் காரெட் சுட்ட கோல்ட் ரிவால்வர், 2021இல் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. ஆனால் அந்த விலை கதைக்குக் கிடைத்ததல்ல, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டிய காகிதங்களுக்குக் கிடைத்தது. "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தார்" என்ற வாய்வார்த்தைக்கு யாரும் பத்து டாலர் கூடுதலாகத் தர மாட்டார்கள். கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவு கட்டணம் வாங்கிக்கொண்டு, வரிசை எண்ணை வைத்து எப்போது, எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் தரும். பழைய வின்செஸ்டர் பதிவேடுகள் வயோமிங் மாநிலம் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அசல் பெட்டி, ரசீது, கையேடு எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கியில் சின்னச் சின்ன உதிரிகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். ஒன்றிரண்டு பொருந்தாவிட்டால் சேகரிப்பாளர் அதைச் சுடுவதற்கான துப்பாக்கி என்று ஒதுக்கிவிடுவார். உடைந்ததை மாற்றினாலும் பழைய உதிரியை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வாங்கும்போது நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வந்த பிரவுனிங் துப்பாக்கிகள் சிலவற்றின் கட்டை, உப்பால் உலர்த்திய மரம். உப்பு ஈரத்தை இழுத்து, மரம் மூடிய இடத்தில் இரும்பை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். அதனால் விவரமானவர்கள் கட்டையின் பின்பக்கத் தகட்டின் ஸ்குரூவைக் கழற்றிப் பார்ப்பார்கள். அது துருவேறியிருந்தால் பேரம்கூடப் பேசாமல் கிளம்புவது நல்லது.

விலையைத் தீர்மானிக்கும் பெரிய கை சட்டம். 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவான இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வாங்க முடியாது என்று அமெரிக்கச் சட்டம் நிறுத்தியது. அதற்கு முன் பதிவானவை மட்டுமே சுற்றிச்சுற்றி வருகின்றன. விலை பத்தாயிரக்கணக்கான டாலர். இந்தியாவிலும் இதே கதைதான். 1980களில் தனியார் இறக்குமதி அடைபட்ட பிறகு, சாதாரண உரிமத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய பழைய .32 அளவுத் தோட்டா போடும் வெப்லி ரிவால்வர் இங்கே லட்சங்களில் கைமாறுகிறது. அமெரிக்காவில் அதற்கு அந்த மவுசு கிடையாது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. .40 அளவுத் தோட்டாவை விட்டு 9 மி.மீ. தோட்டாவுக்குத் திரும்பியது, பல போலீஸ் துறைகளும் பின்தொடர்ந்தன. அவர்கள் கழித்துவிட்ட .40 கைத்துப்பாக்கிகள் சந்தையில் குவிந்து விலை இறங்கின.

கடைசியாக, விற்கும்போது. இணைய ஏலத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். முடிந்துபோன ஏலங்களில் எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள். 2013, 2020 போல எல்லோரும் பதறி வாங்கிய காலத்தின் விலையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைக்காரர் அதை விற்று லாபம் பார்க்க வேண்டும், ஆகவே சந்தை விலையை உங்களுக்குத் தர மாட்டார். வேறு மாநிலத்துக்காரருக்கு விற்பதானால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் அனுப்ப முடியும். அவருடைய கட்டணம், அனுப்பும் செலவு, ஏலத் தளத்தின் கமிஷன் எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதைப் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலையோடு வைத்துப் பாருங்கள். சாதாரண ரகத் துப்பாக்கி என்றால் பல நேரம் கடைக்காரர் சொன்னதே தேவலை.