பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் விலை எந்தப் பக்கம் நகரும்: கணிப்பது எப்படி?

பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சில், அதாவது பந்தயம் கட்டுபவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கட்டும் தளத்தில், ஒரு குதிரையை 4.0 விலையில் (ஜெயித்தால் கட்டியதைப்போல் நான்கு மடங்கு திரும்பி வரும்) 100 பவுண்டுக்கு பேக் செய்கிறீர்கள், அதாவது ஜெயிக்கும் என்று கட்டுகிறீர்கள். விலை 3.8-க்கு இறங்குகிறது. இப்போது அதே குதிரையை லே செய்து, அதாவது ஜெயிக்காது என்று எதிர்ப்பக்கம் கட்டி, வெளியே வர வேண்டும். எவ்வளவுக்கு? பேக் தொகையை பேக் விலையால் பெருக்கி, லே விலையால் வகுத்தால் போதும்: 100 × 4.0 ÷ 3.8 = 105.26. குதிரை ஜெயித்தாலும் தோற்றாலும் சுமார் 5.26 பவுண்டு கையில் நிற்கும், கமிஷன் போக. முடிவு யாருக்குச் சாதகம் என்பது நமக்கு வேண்டாத கவலை. விலை இறங்குமா ஏறுமா, அவ்வளவுதான்.

முதலில் விலைப் படிகளை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு படிக்கு ஒரு டிக் என்று பெயர். 2.0 வரை ஒரு டிக் 0.01, 2 முதல் 3 வரை 0.02, 3 முதல் 4 வரை 0.05, 4 முதல் 6 வரை 0.1, 6 முதல் 10 வரை 0.2; 10 முதல் 20 வரை 0.5. இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கில் நான்கு டிக் லாபம். அதே 4.0-இலிருந்து விலை எதிர்ப்பக்கம் இரண்டே டிக் ஏறி 4.2 ஆனால்? வெளியேற 95.24 லே செய்ய வேண்டும், நஷ்டம் 4.76. ‘நான்கு டிக் லாபத்துக்கு இரண்டு டிக் நஷ்டம்’ என்று கேட்கச் சுகமாக இருக்கிறது. பணத்தில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றுதான். 2, 3, 4, 6, 10 ஆகிய எல்லைகளில் நுழையும்போது டிக்கை எண்ணாதீர்கள், பணத்தை எண்ணுங்கள்.

இனி கணிப்பு. திரையில் நீலப் பக்கம் தெரிவது பேக் செய்யக் கிடைக்கும் பணம். அது லே செய்யக் காத்திருப்பவர்கள் போட்டது. இளஞ்சிவப்புப் பக்கம் தெரிவது பேக் செய்யக் காத்திருப்பவர்களின் பணம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். நீலத்தில் 3.95, 3.9, 3.85 மூன்றிலும் சேர்த்து 800, இளஞ்சிவப்பில் 4.0, 4.1, 4.2 மூன்றிலும் சேர்த்து 2,400 என்று வையுங்கள். நான்கில் மூன்று பங்குப் பணம் பேக் செய்யக் காத்திருக்கிறது, ஆகவே விலை இறங்க அழுத்தம்.

ஆனால் காத்திருக்கும் பணம் பொய் சொல்லும். மற்றவர்களை மிரட்டுவதற்கென்றே பெரிய தொகையைப் போட்டுவைத்து, விலை பக்கத்தில் வந்ததும் எடுத்துவிடுவார்கள். மேட்ச் ஆன, அதாவது எதிர்ப்பக்கம் ஒருவர் ஏற்றுக்கொண்ட, பணத்தால் அது முடியாது. அதனால் பெரிய தொகை ஒன்றைக் கண்டால், விலை அதைத் தொடும்வரை பொறுங்கள். தொட்டதும் மறைந்தால் அது வேடிக்கை காட்டியது. தின்னத் தின்ன மீண்டும் நிரம்பினால், அந்த விலையில் நிஜமாகவே கட்ட நினைக்கும் ஒருவர் இருக்கிறார். அந்த இடத்தில் விலை பெரும்பாலும் நின்று திரும்பும்.

ஒரே விலையில் முன்னால் போட்டவருக்கே முதலில் மேட்ச் ஆகும். எனவே இறங்கிக்கொண்டிருக்கும் குதிரையில் உங்கள் பேக் ஆர்டர் உடனே முழுதாக மேட்ச் ஆகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். எதிரே யாரோ பெரிய அளவில் லே செய்துகொண்டிருக்கலாம்.

ஒரு குதிரையை மட்டும் பார்ப்பதும் தவறு. 1-ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டினால் மொத்தம் 100 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். 2.0, 4.0, 4.0 என்று மூன்று குதிரைகள் இருக்கின்றன, முதலாவது 1.9-க்கு இறங்கினால் அதன் பங்கு 50-இலிருந்து 52.6 ஆகிறது. அந்த 2.6 மற்ற இரண்டிடமிருந்துதான் வர வேண்டும். ஒன்றின் விலை ஏறிவிட்டது, மற்றது இன்னும் அசையவில்லை என்றால், அசையாததை லே செய்வது யோசிக்கத் தக்கது. அசையாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் குதிரையின் மீதும் பணம் வருவதாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

குதிரைப் பந்தயத்தில் பணத்தின் பெரும்பகுதி கடைசிப் பத்து நிமிடத்தில் வரும். அதற்கு முன் 200 பவுண்டுகூட விலையைத் தள்ளிவிடும் என்பதால், காலையில் தெரியும் ‘போக்கை’ நம்ப வேண்டாம். ஒரு குதிரை விலக்கப்பட்டால் மற்ற விலைகள் எல்லாம் ஒரேயடியாக இறங்கும். ஏற்கெனவே மேட்ச் ஆனவற்றின் விலையும் குறைக்கப்படும். கால்பந்தில் ஆட்டத்துக்கு முன் விலையை அசைப்பது அணிப் பட்டியல். ஆட்டம் தொடங்கிய பின் கோல் விழாத ஒவ்வொரு நிமிடமும் 2.5 கோலுக்குக் கீழ் (மொத்தம் இரண்டு கோலுக்கு மேல் விழாது) என்ற பந்தயத்தின் விலையை மெதுவாக இறக்கும். ஒரு கோல் அதையெல்லாம் ஒரே நொடியில் திருப்பிவிடும். நீங்கள் பார்க்கும் ஒளிபரப்பு சில நொடிகள் பிந்தியது என்பதால், அங்கே வேகத்தில் போட்டி போடுவது வீண்.

பணம் போடுவதற்கு முன் ஐம்பது பந்தயங்களைக் காகிதத்தில் பழகுங்கள். 10, 5, 2 நிமிடம் மீதமிருக்கும்போது விலை, உங்கள் கணிப்பு, கடைசி விலை ஆகிய மூன்றையும் குறியுங்கள். கணிப்பு சரியாகும் விகிதத்தை, கமிஷனைக் கழித்த லாப நஷ்டத்தோடு ஒப்பிடுங்கள். பாதிக்குப் பாதி சரியாக வருவது பெரும்பாலும் போதாது.

வெளியேறும் விலையை நுழையும்போதே குறித்துவிடுங்கள். பந்தயம் தொடங்கிய கணத்தில், மேட்ச் ஆகாத ஆர்டர்கள், தக்கவைக்கும்படி நீங்கள் குறிக்காவிட்டால், ரத்தாகும். லே ஆர்டர் அப்படிப் போய்விட்டால் 100 பவுண்டும் குதிரையின் காலில். நஷ்டத்தில் இருந்தாலும், குதிரைகள் வாயிலுக்குள் ஏறத் தொடங்கியதும் கிடைக்கிற விலையில் மூடிவிடுங்கள்.