டீன் ஏஜ் பிள்ளைக்குத் தொப்பை விழுதா? வீட்லயே அளந்து, காரணத்தைப் பிடிக்கிறது எப்படி

பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பிள்ளைக்கு கை கால் எல்லாம் ஒல்லியா இருந்து வயிறு மட்டும் முன்னாடி தள்ளுச்சுன்னா வீட்ல ரெண்டு பதில்தான் வரும், ஒண்ணு "வளர்ற வயசு, தானா கரைஞ்சிரும்", இன்னொண்ணு "எந்நேரமும் தின்னுட்டு உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்". ரெண்டுமே அந்தப் பிள்ளைக்கு உதவாது. முதல்ல அளக்கணும், அப்புறம் காரணம் எங்க இருக்குன்னு பாக்கணும், அதுவும் பிள்ளையோட குணத்துல தேடாம வீட்டு டைம்டேபிள்ல தேடணும்.

எடையை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு வேற, வயித்துக்குள்ள குடலையும் கல்லீரலையும் சுத்திப் படியிற கொழுப்பு வேற. உள்ள இருக்கிறதுல இருந்து கொழுப்பு அமிலங்கள் நேரா கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல கலக்குது, அதனாலதான் ஃபேட்டி லிவர், இன்சுலின் சரியா வேலை செய்யாம போறது, பின்னாடி சுகர், பிரஷர்னு வரிசையா வருது. நம்ம ஆளுங்களுக்கு இது இன்னும் முக்கியம். 2004ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நின்ன போட்டோ வந்துச்சு, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோட சேத்துப் பாக்குற எடைக் கணக்கு, ஒரே 22.3தான், ஆனா உடம்புல கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். "எடை நார்மல்தானே"ன்னு விட்டுடக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

ஸ்டெப் 1: உயரம்

செருப்பு இல்லாம செவுத்துல முதுகை ஒட்டி நிக்க வச்சு, தலை மேல ஒரு நோட்டை மட்டமா வச்சு பென்சில்ல கோடு போட்டு அளங்க. சென்டிமீட்டர்லயே எழுதுங்க, போன வருஷ அளவை வச்சு கணக்குப் போடாதீங்க, இந்த வயசுல அது ரொம்ப மாறியிருக்கும்.

ஸ்டெப் 2: இடுப்புச் சுத்தளவு

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பேன்ட் சைஸ் இடுப்பளவு கிடையாது, பசங்க பேன்ட்டை தொப்பைக்குக் கீழதானே போடுறாங்க. டெய்லர் டேப் ஒண்ணு போதும். காலையில பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, கால் ரெண்டையும் சேத்து வச்சு நிக்கச் சொல்லுங்க. பக்கவாட்டுல விரலால அழுத்திப் பாத்தா கடைசி விலா எலும்பு தட்டுப்படும், அதுக்குக் கீழ இடுப்பெலும்போட மேல் விளிம்பு தட்டுப்படும், ரெண்டுக்கும் நடுவுல பேனாவால ஒரு புள்ளி வைங்க, டேப் அந்த இடத்துலதான் சுத்தணும். பின்பக்கம் டேப் இறங்காம தரைக்கு மட்டமா இருக்கான்னு பாருங்க. தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. மூச்சை இழுத்து வயித்தை உள்ள வாங்கினா அளவு பொய், சாதாரணமா மூச்சு விட்டு முடிக்கிற நேரத்துல எடுங்க. ரெண்டு தடவை எடுத்து, வித்தியாசம் 1 செ.மீக்குள்ள இருந்தா சராசரி போடுங்க, அதுக்கு மேல போனா திரும்ப அளங்க.

ஒரு வேண்டுகோள். இதை ஹால்ல பெரியம்மா சித்தப்பா முன்னாடி பண்ணாதீங்க. ரூமுக்குள்ள, கதவைச் சாத்திட்டு, பொண்ணா இருந்தா அம்மா மட்டும், இல்லைன்னா எப்படின்னு சொல்லிக்குடுத்து அவங்களையே அளக்க விடுங்க, வர்ற நம்பரைப் பாத்து முகம் சுளிக்காதீங்க, இந்த வயசுல உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா அது வருஷக்கணக்கா உள்ள நிக்கும்.

ஸ்டெப் 3: கணக்கு

இடுப்பளவை உயரத்தால வகுங்க. உயரம் 160, இடுப்பு 84ன்னா 84 ÷ 160 = 0.525. இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் குடுக்கிற நைஸ் அமைப்பு 2022ல குடுத்த அளவு 5 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கும் பொருந்தும்: 0.4ல இருந்து 0.49 வரை சரி, 0.5ல இருந்து 0.59 வரை ரிஸ்க் கூடியிருக்கு, 0.6ம் அதுக்கு மேலயும் ரிஸ்க் அதிகம். சுருக்கமா, இடுப்பு உயரத்துல பாதிக்குக் கீழ இருக்கணும். 16 தாண்டிட்டா பெரியவங்க அளவே போதும், தெற்காசியர்களுக்கு சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு வச்சிருக்கிறது ஆணுக்கு 90 செ.மீ, பொண்ணுக்கு 80 செ.மீ, அதைத் தொட்டாலே கவனிக்கணும்.

ஸ்டெப் 4: மூணு நாள் நோட்டு

ரெண்டு ஸ்கூல் நாள், ஒரு ஞாயித்துக்கிழமை. எத்தனை மணிக்கு எழுந்தாங்க, என்ன சாப்பிட்டாங்க, என்ன குடிச்சாங்க, எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாங்க, எப்ப தூங்குனாங்க, அவ்வளவுதான், கலோரி எல்லாம் எண்ண வேணாம்.

போர்டு எக்ஸாம் வருஷத்துல நிறைய வீட்ல நோட்டு இப்படித்தான் இருக்கும்: விடியக்காலை அஞ்சரைக்கு டியூஷன், ஸ்கூல் பஸ், நாள் முழுக்க பெஞ்ச், பிடி பீரியடை மேக்ஸ் சார் வாங்கிக்கிட்டார், சாயங்காலம் ஒரு பப்ஸோ பரோட்டாவோ, மறுபடி டியூஷன், ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வயிறு நிறைய சாப்பாடு, அப்புறம் போன், தூக்கம் பன்னெண்டுக்கு மேல. 13ல இருந்து 18 வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும், இதுல அஞ்சு மணி நேரம் கூட தேறாது. தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டுற ஹார்மோன் ஏறும், வயிறு நிறைஞ்சிருச்சுன்னு சொல்ற ஹார்மோன் இறங்கும், அதனால அந்தப் பிள்ளை இனிப்பையும் பொரிச்சதையும் தேடுறது நாக்கு ருசிக்காக மட்டும் இல்ல. என்னைக் கேட்டா எல்லாத்துக்கும் மேல தூக்கத்தைத்தான் முதல்ல சரி பண்ணணும்னு சொல்வேன்.

அடுத்தது குடிக்கிறது. 300 மில்லி கோலாவுல சுமார் 30 கிராம் சர்க்கரை, பாட்டில் ஜூஸும் அதுக்குச் சளைச்சது இல்ல, வீட்ல ஹெல்த் ட்ரிங்க் பவுடர்ல ஏற்கனவே சர்க்கரை இருக்கு, அது மேல நாம ரெண்டு ஸ்பூன் போடுறோம். அப்புறம் தட்டு: காலையில இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, மூணு வேளையும் மாவுச்சத்து, பருப்பும் காயும் ஓரத்துல கொஞ்சம்.

நோட்டுல வராத காரணங்களும் இருக்கு. அம்மா அப்பாவுக்கு சுகர், கர்ப்பத்துல அம்மாவுக்கு சுகர், எடை குறைச்சலா பிறந்து அப்புறம் வேகமா சதை போட்டது, நாள்பட்ட ஸ்டீராய்டு மருந்து. இதெல்லாம் பிள்ளை கேட்டு வாங்கினது இல்லையே, அதனால திட்டுறதை நிறுத்துங்க.

ஸ்டெப் 5: ரெண்டே ரெண்டு மாத்தம்

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தப் போனா ஒரு வாரத்துல நின்னு போயிரும். எங்க அதிகமா இடிக்குதோ அதுல ரெண்டை எடுங்க. போன் ராத்திரி பத்து மணிக்கு ஹால்லயே சார்ஜ்ல இருக்கட்டும், முக்கியமா அப்பா அம்மா போனும் சேத்துத்தான். சாயங்காலம் பப்ஸுக்குப் பதிலா சுண்டல், வேகவச்ச கடலை, முட்டை. உலக சுகாதார நிறுவனம் 5ல இருந்து 17 வயசுக்கு தினம் சராசரி 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு சொல்லுது, அது ஒரேயடியா இருக்கணும்னு இல்ல, டியூஷனுக்கு சைக்கிள்ல போறதும் கணக்குதான்.

வயித்துக்கு மட்டும் நூறு சிட்அப்ஸ் போட்டா அங்க மட்டும் கொழுப்பு கரையாது. பட்டினி, மாவுச்சத்தை அறவே குறைக்கிற கீட்டோ டயட், ஃபேட் பர்னர் பவுடர் எதுவும் வளர்ற பிள்ளைக்கு வேணவே வேணாம். இன்னும் உயரம் வளர்ற பிள்ளைன்னா பல நேரம் எடையை இறக்கவே தேவையில்ல, எடை அப்படியே நின்னு உயரம் ஏறினாலே அந்த விகிதம் குறையும். மூணு மாசம் கழிச்சு அதே டேப்ல, அதே மாதிரி காலையில அளங்க, தினமும் அளந்து தொந்தரவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 6: எப்ப டாக்டர்கிட்ட போகணும்

0.6ம் அதுக்கு மேலயும் வந்தா போங்க. நம்பர் என்னவா இருந்தாலும், கழுத்துப் பின்பக்கமும் அக்குளும் கருத்து வெல்வெட் மாதிரி தடிச்சிருந்தா கண்டிப்பா போங்க, அது அழுக்கு இல்ல, கடலைமாவு போட்டுத் தேச்சாலும் போகாது, இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கிறதுக்கு அடையாளமா இருக்கலாம். வயசுக்கு வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியும் பீரியட்ஸ் மாசக்கணக்குல தள்ளிப்போறது, சத்தமா குறட்டை விட்டு பகல்ல தூங்கி வழியிறது, வயிறு ஏறுது ஆனா உயரம் நின்னு போச்சு, இதெல்லாமும் காட்ட வேண்டியதுதான், கடைசியா சொன்னது ஹார்மோன் கோளாறா இருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது. பொதுவா பிரஷர் பாத்து, வெறும் வயித்து சுகர், ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), கொலஸ்ட்ரால், லிவர் டெஸ்ட் எழுதுவாங்க. ஸ்டீராய்டு மாத்திரை ஓடிட்டு இருந்தா நீங்களா நிறுத்திராதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. போகும்போது அளந்து எழுதுன நோட்டையும், பிறந்தப்போ எடை எழுதியிருக்கிற பழைய தடுப்பூசி கார்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, முதல்ல கேக்குற கேள்விகள்ல பாதிக்கு அதுலயே பதில் இருக்கும்.