வீட்டுப் பெரியவர் ‘சும்மாவே’ உட்கார்ந்திருக்கிறாரா? நான் செய்தது, படிப்படியாக

எங்கள் வீட்டில் தினத்தாள் காலண்டர் கிழிப்பது அப்பாவின் வேலை. பெரம்பூரில் இருந்தவரை, காலை காபிக்கு முன்னால் தாளைக் கிழித்து, பின்பக்கத்தைப் படித்துவிட்டு, கணக்கெழுத மடித்து வைத்துக்கொள்வார். அம்மா போன பிறகு வேளச்சேரிக்கு எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். ஒருநாள் ராகுகாலம் பார்க்கப் போனால், அன்றைக்குத் தேதி 23. காலண்டரில் 11 தொங்குகிறது. பன்னிரண்டு நாளாக யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

அதற்கப்புறம் எட்டு மாதம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. சத்தான சாப்பாடு, நடைப்பயிற்சி, நேரத்துக்குத் தூக்கம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: திடீரென்றா, மெல்ல மெல்லவா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று நேரம் காலம் தெரியாமல் பேசுகிறார், பகலெல்லாம் தூங்கி இரவில் எழுந்து நடக்கிறார், இல்லாத ஆளைக் கூப்பிடுகிறார் என்றால் அது மனக்கவலை அல்ல. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) இறங்குவது, நுரையீரலில் சளி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று ஏதோ ஒன்று மூளையைக் குழப்புகிறது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தப் பதிவை அப்புறம் படிக்கலாம்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஒடுங்கினார் என்றால் கீழே தொடருங்கள்.

படி 2: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

இதற்கு மொபைலில் ஆப் வேண்டாம். நானும் மூன்றை இறக்கிப் பார்த்தேன். சிரிக்கிற முகம், அழுகிற முகம் போட்டு ‘இன்று எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்கும். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிழித்த காலண்டர் தாளே போதும். அதன் பின்னால் மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை மணிக்கு விழித்தார், தானாக எதையாவது ஆரம்பித்தாரா. மூன்றாவதுதான் முக்கியம்.

எங்கள் தலைமுறை மாதிரி ‘டிப்ரஷன்’ என்றெல்லாம் அவர்கள் சொல்ல மாட்டார்கள். ‘வயிறு மந்தமா இருக்கு’, ‘கால் வலிக்குது’, ‘ஒண்ணும் பிடிக்கல’ என்பார்கள். அப்பா இரண்டு மாதம் வயிற்றைத்தான் சொன்னார். நான் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதியோரின் மனச்சோர்வை அளக்கவென்றே ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவில் உருவானது. சுருக்கப் பதிப்பில் 15 கேள்விகள், ஆமாம் இல்லை என்று மட்டும் பதில். வீட்டை விட்டு வெளியே போவதைவிட உள்ளேயே இருப்பது பிடிக்கிறதா, வாழ்க்கை வெறுமையாகத் தெரிகிறதா என்பது போலக் கேட்கும். மதிப்பெண் 5-ஐத் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்; நோய் உறுதி என்று அர்த்தமில்லை. அந்தத் தாளில் உடம்பு வலி பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. வயதானால் வலி எப்படியும் இருக்கும், அதை வைத்து மனதை எடைபோட முடியாது என்றே விட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்கு ஓமத் தண்ணீர் ஞாபகம் வந்தது.

படி 3: ரத்தம், கண், காது. இந்த மூன்றையும் பார்க்காமல் மேலே போகாதீர்கள்

ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12, ஹீமோகுளோபின், சோடியம், சர்க்கரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையும். குறைந்தால் சோர்வு, மறதி, கை கால் மரத்துப்போவது எல்லாம் வரும். பி.பி. மாத்திரைகளில் சில வகை சோடியத்தை இறக்கிவிடும். அப்பாவுக்கு பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள். கொஞ்சம் தெளிந்தார், ஆனால் காலண்டர் தொங்கியபடியேதான் இருந்தது.

கண்ணைச் சுருக்கமாக முடிக்கிறேன்: புரை இருந்தால் எடுத்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

காதுதான் என்னைக் கவிழ்த்தது. எது கேட்டாலும் அப்பா ‘ம்’ என்பார். எதிலும் அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். அவருக்குப் பாதி கேட்கவே இல்லை. ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி கட்டும் ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே நின்ற காது அது. பெரம்பூரில் எல்லோரும் தெரிந்தவர்கள். வாயசைவைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். வேளச்சேரியில் கடைக்காரர் என்ன சொன்னார் என்று இரண்டு முறை கேட்கக் கூச்சப்பட்டுக் கடைக்குப் போவதை நிறுத்தியிருக்கிறார். அவர் போகாததால் நான் போனேன். நான் போனதால் அவருக்குப் போகக் காரணம் இல்லாமல் போனது.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி, குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். அடுத்து ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை. அதன்பிறகு காது கேட்கும் கருவி. நான் செய்த தப்பு இதோ: வெளியே தெரியக் கூடாது என்று காதுக்குள்ளே ஒளியும் சின்னக் கருவியை வாங்கினேன். அதன் பேட்டரி ஒரு பச்சைப்பயறு அளவு. அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்து, சரியான பக்கமாகத் திருப்பி, மூடியை மூட வேண்டும். கை லேசாக நடுங்குகிற 74 வயதுக்காரரால் அது முடியாது. மூன்று வாரம் அது டப்பாவிலேயே இருந்தது. ‘சரியாத்தாம்மா இருக்கு’ என்று எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பரிந்துரை: காதுக்குப் பின்னால் மாட்டுகிற, சார்ஜ் போடுகிற வகை. இரவில் மூக்குக்கண்ணாடி வைக்கிற இடத்திலேயே சார்ஜரையும் வையுங்கள். முதல் வாரம் நாள் முழுக்கப் போடச் சொல்லாதீர்கள். பல வருடம் கேட்காத மூளைக்கு குக்கர் விசில், மிக்ஸி, எவர்சில்வர் தட்டு எல்லாம் இடி மாதிரி விழும். ஒரு மணி நேரம், அதுவும் அமைதியான அறையில், ஒரே ஒரு ஆளோடு பேசும்போது. அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்துபவர்) திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகப் பணம் கேட்காத இடமாகப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் நான்கு முறை போனோம்.

படி 4: வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

அம்மா போன பிறகு நான் அப்பாவிடம் அதிகம் சொன்ன வாக்கியம், ‘நீங்க உட்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்.’ பால் அட்டை, ரேஷன், இ.பி. பில், பேங்க் எல்லாவற்றையும் பாசத்தில்தான் பிடுங்கிக்கொண்டேன்.

திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு தப்பு செய்தேன். சுடோகு புத்தகமும், பால்கனியில் வைக்கக் கொத்தமல்லித் தொட்டியும் வாங்கிக் கொடுத்தேன். அப்பா பார்த்துவிட்டு, ‘ஏம்மா, என்னை பால்வாடில சேத்துட்டியா?’ என்றார். நேரம் போக்கக் கொடுக்கிற வேலையைப் பெரியவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் செய்யாவிட்டால் யாருக்காவது நிஜமாகவே ஏதாவது குறைய வேண்டும். அந்த மாதிரி வேலையைத் தேடுங்கள்.

எங்களுக்கு அது தண்ணீர் லாரி. கோடையில் எங்கள் அடுக்ககத்துக்குத் தனியார் லாரி விடிகாலையில் வரும். யாராவது எழுந்து, சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) மூடியைத் திறந்துவிட்டு, ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், யாரும் முன்வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். கெஞ்சலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆள் இல்லை. ‘ஹார்ன் கேக்குமான்னு தெரியலையே’ என்றார். நாலரைக்கே எழுந்து, கருவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு மூங்கில் குச்சியில் கோடு போட ஆரம்பித்தார். சம்ப் 4 மீட்டருக்கு 3 மீட்டர். ஒரு லோடுக்குரிய 12,000 லிட்டர் முழுதாக விழுந்தால் தண்ணீர் சரியாக ஒரு மீட்டர் ஏற வேண்டும். குச்சி 90 சென்டிமீட்டர்தான் காட்டியது. 1,200 லிட்டர் குறைவு, ஒவ்வொரு லோடிலும். அசோசியேஷன் கூட்டத்தில் குச்சியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். அதற்கப்புறம் மாடியில் இருப்பவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கும்பிடத் தொடங்கினார்கள். அதுவரை அவர் ‘சி-4 வீட்டுத் தாத்தா’.

இதில் இரண்டு விதி. ஒன்று, மனசு வந்தால் செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனசு தானாக வராது. நேரம் குறித்து, சின்னதாக, முதலில் வேலை. விருப்பம் பின்னால் வரும். மனநல மருத்துவர்களும் இதை ஒரு சிகிச்சை முறையாகவே செய்கிறார்கள். இரண்டு, அவர் செய்ததை நீங்கள் மறுபடி செய்யாதீர்கள். அப்பா நறுக்கிய பீன்ஸை நான் திரும்ப நறுக்கியதை அவர் பார்த்துவிட்டார். மறுபடி கத்தியை எடுக்க ஒன்றரை மாதம் ஆனது.

படி 5: ‘எமன் என்னை மறந்துட்டான்’

இதை நம் வீடுகளில் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ‘சும்மா இருங்கப்பா, அபசகுனமா பேசாதீங்க’ என்று வாயை அடைத்துவிடுவோம். செய்யாதீர்கள். கீரை ஆய்ந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, முகத்துக்கு நேரே பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: ‘போய்ச் சேரணும்னு தோணுதா? நீங்களே ஏதாவது செஞ்சுக்கலாம்னு நினைப்பு வருதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வாயடைத்தால்தான் அது உள்ளேயே தங்கும்.

ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சி மருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். அன்றைக்கே டாக்டர். உடனடி ஆபத்து என்றால் 108. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா: 044-24640050. முதியோருக்கான பொது உதவி எண் 14567.

படி 6: டாக்டரிடம் கூட்டிப்போவது

‘நரம்பு டாக்டர்’ என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகச் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்ப்பு. வாசலில் பலகையைப் படித்துவிட்டால் அதற்கப்புறம் உங்களை எதிலும் நம்ப மாட்டார். நான் சொன்னது: ‘தூக்கமும் பசியும் சரியாக ஒரு டாக்டரைப் பாக்கலாம்பா. மனநல டாக்டர்தான். நானும் உங்ககூட வரேன்.’ ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

நேரே மனநல மருத்துவர் என்றால் மிரள்பவர்களுக்கு முதியோர் நல மருத்துவர் நல்ல வாசல். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வி.எஸ்.நடராஜன் இதற்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கிவிட்டார். இப்போது கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையே இருக்கிறது, 2024-ல் திறந்தார்கள்.

போகும்போது ஒரு மஞ்சப்பையில் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உட்பட, அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதிப்போனால் நீங்கள் மறந்தது விட்டுப்போகும். எங்கள் பையில் அம்மாவுக்குக் கொடுத்த தூக்க மாத்திரை அட்டை இருந்தது. அப்பா அதில் பாதிப் பாதியாக எடுத்திருக்கிறார். அந்த வகை மாத்திரையால் தள்ளாட்டம், விழுவது, மறதி எல்லாம் வரலாம். திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டர் படிப்படியாகத்தான் குறைத்தார்.

மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். பத்தாம் நாள் ‘ஒண்ணும் தெரியல’ என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாகிவிட்டது என்றும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகள் முதியோருக்குச் சோடியத்தை இறக்கும் என்பதால், ரத்தம் எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

பிற்சேர்க்கை 1: ‘அம்மாவுக்கு எந்த வேலையைத் திருப்பிக் கொடுப்பது?’ என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சமையலறையைத்தான். மருமகளோ மகளோ, ‘நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை’ என்று மொத்தமாக வாங்கிக்கொள்வது வழக்கம். முழுச் சமையல் முடியாது என்றால் வத்தக்குழம்பு மட்டும், ஊறுகாய் மட்டும் என்று ஒன்றை அவர் பெயருக்கே விட்டுவிடுங்கள். உப்புக் கூடினாலும் சாப்பிடுங்கள். பி.பி. இருப்பவர்கள் மட்டும் தயிர் சாதத்துக்கு நகருங்கள்.

பிற்சேர்க்கை 2: ஒருவர் தன் அப்பாவை ரேஷன் கடைக்கு அனுப்ப ஆரம்பித்து, அங்கே கைரேகை விழாமல் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, அவர் இன்னும் ஒடுங்கிவிட்டாராம். நான் யோசிக்காத விஷயம். தேய்ந்த விரல்களுக்கு இது சகஜம். முதல் வேலை தோற்க முடியாத வேலையாக இருக்கட்டும். முதல் இரண்டு தடவை நீங்களும் கூடப் போய்த் தள்ளி நில்லுங்கள்.

பிற்சேர்க்கை 3: ‘அப்பா இப்போது எப்படி?’ மழை வந்து லாரி நின்ற மாதம் மறுபடி கொஞ்சம் சோர்ந்தார். டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார். மாதம் இரண்டு தடவை பெரம்பூர் போய்ப் பழைய ஷாப் ஆட்களோடு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். போகும்போது தனியாக, பஸ்ஸில், முதியோருக்கு எம்.டி.சி. (சென்னை மாநகரப் பேருந்துக் கழகம்) கொடுக்கும் இலவச டோக்கனில். மாதத்துக்குப் பத்துதான் கொடுக்கிறார்கள் என்று அவருக்குக் குறை. மீதி எத்தனை என்று காலண்டர் தாளின் பின்னால் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.