வாய்த் திட்டுகளுக்கு ஒளியியக்கச் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் முதுநிலை மாணவர் ஒருவர், நோயாளியின் கன்னத்து உட்புறத்தில் இருந்த, புற்றாக மாறக்கூடிய வெண்திட்டுக்கு ஒளி கொடுக்குமுன் மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தபோது, அவரைத் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே ஊசியைத்தான் எடுத்தேன். பாதுகாப்புக் கண்ணாடியை மறப்பது போன்ற பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆக்சிஜனை மறப்பது

இச்சிகிச்சையில் ஒளி சதையைச் சுடுவதில்லை. அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்தைத் திட்டின்மேல் பூசினால், செல்கள் அதைப் புரோட்டோபோர்பிரின் என்ற, ஒளியை உறிஞ்சும் பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்கின்றன. 635 நானோமீட்டர் சிவப்பொளி படும்போது அப்பொருள் தான் வாங்கிய ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்க, அப்படிக் கிளர்ந்த ஆக்சிஜனே செல்லைக் கொல்கிறது. அந்த ஆக்சிஜன் இரத்தத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

பல் மருத்துவ அறையில் கைக்கெட்டும் மரப்பு மருந்தான லிக்னோகெயினில் பெரும்பாலும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கலந்திருக்கும். பல் பிடுங்கும்போது அது துணை. இங்கே அதுவே கேடு. அன்று நான் ஊசி போட்டதும் திட்டைச் சுற்றியிருந்த இளஞ்சிவப்புச் சவ்வு சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்தது. நன்றாக மரத்துவிட்டது என்று மகிழ்ந்து விளக்கைப் பொருத்தினேன். நான்கு வாரம் கழித்து வந்த அந்த நெசவாளரின் கன்னத்தில் திட்டு இருந்தபடியே இருந்தது. மறு சிகிச்சைக்காக அவர் மேலும் இரண்டு நாள் கூலியை இழந்தார். கண்முன்னே வெளுத்த சவ்வைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே என்பது இன்றும் எரிச்சலூட்டுகிறது. அட்ரினலின் சேராத மருந்தையே கேட்டு வாங்குங்கள். திட்டுக்குள் குத்தாமல், இயன்றால் தள்ளி, நரம்பை மரக்கச் செய்யுங்கள்.

இதே தவறு அவசரத்தின் வழியாகவும் நேர்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் வீதம் 100 ஜூல் கொடுக்க 1,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். வாயைத் திறந்தபடி தவிப்பவரைப் பார்த்து, ஒளியை இரட்டிப்பாக்கி நேரத்தைப் பாதியாக்கத் தோன்றும். ஜூல் கணக்கு சரியாகவே வரும். ஆனால் இரத்தம் கொண்டுவருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மாறாக, இடையிடையே ஒளியை நிறுத்தி, அவர் எச்சிலைத் துப்பித் தாடையை ஆற்றிக்கொள்ள விடுங்கள். அந்த இடைவெளியில் திசுவுக்கும் ஆக்சிஜன் திரும்பும்.

ஒளிமுனையைக் கையில் பிடிப்பது

கை தளர்ந்து முனை திட்டைவிட்டு விலகினால் ஒளிவட்டம் விரியும்; அதன் விட்டம் இரண்டு மடங்கானால் செறிவு கால்பங்காகிவிடும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் எல்.இ.டி. ஒளியை வாய்க்குள் பொருந்தும் முப்பரிமாண அச்சுக் கருவிகளின் வழியே கொடுத்ததை இங்கே நினைவில் கொள்ளலாம்.

தடித்த திட்டு

மருவைப்போல் தடித்த கெரட்டினுக்குள், அதாவது மேற்பரப்பின் கெட்டியான புரதப் படலத்துக்குள், பூச்சு மருந்து இறங்காது.

பயாப்சி இல்லாமல் தொடங்குவது

இச்சிகிச்சைக்குப் பின் நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்பச் சதை மிஞ்சாது. ஆகவே வெண்மைக்குள் சிவப்பு தெரியும் இடத்திலும், தொட்டால் கெட்டியாக இருக்கும் இடத்திலும் முன்கூட்டியே சதைத் துணுக்கு எடுத்து (இதுவே பயாப்சி) அனுப்பி, முடிவு வரும்வரை காத்திருங்கள். அடியில் புற்று ஊடுருவியிருந்தால், சில மில்லிமீட்டரே இறங்கும் ஒளி மேற்பரப்பை மட்டும் ஆற்றி அதை மூடிவிடும்.

வெளிச்சம்

பூச்சுக்குப் பதிலாக, உடல் முழுவதையும் ஒளிக்குக் கூச வைக்கும் தெமோபோர்பின் மருந்தை ஊசியாகப் போட்டவருக்கு முதல் நாட்களில் வெயில் மட்டுமன்று, பல் நாற்காலி விளக்கும் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும்கூடத் தோலைப் புண்ணாக்கக்கூடும். அளவியை அடிக்கடி விரல் மாற்றுங்கள்.