ஓசூர்–தர்மபுரி ரூட்டில் மின் டெலிவரி வண்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பெனி சொல்லும் ரேஞ்சை (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) அப்படியே ரூட் ஷீட்டில் ஏற்றுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி சுமார் 500. லோடோடு ஒரு டன் வரும் மூன்று சக்கர வண்டி அந்த 400 மீட்டர் மேடேற மட்டும் 1.1 யூனிட் தின்னும். மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 1.3. பத்து யூனிட் பேட்டரியில் இதுவே 13 சதவீதம். ஓடும் தூரத்துக்கான செலவு தனி.

கிடங்கு ஓசூரில் என்றால் லோடு இறக்கத்தில் போகிறது, நல்லதுதான். ஆனால் மேடு வருவது பேட்டரி இளைத்த பிறகு. கிருஷ்ணகிரியில் டிஸ்ப்ளே காட்டும் மீதி ரேஞ்ச், பல வண்டிகளில், இறங்கி வந்த கணக்கை வைத்துப் போட்டது. அதை நம்பி இன்னொரு டெலிவரியைச் சேர்த்தால் ஓசூர் திரும்பும் வழியில் சூளகிரிக்கு முன்னாலேயே வண்டி திணறும். போகும் சதவீதத்தையும் திரும்பும் சதவீதத்தையும் தனித்தனியாக ஒரு வாரம் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் ரேஞ்ச்.

நூறு சதவீதம் ஏற்றியதும் இறக்கத்தில் விடாதீர்கள். நிறைந்த பேட்டரி, வேகம் குறைக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் ரீஜென் மின்சாரத்தை ஏற்காது, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். தர்மபுரி தாண்டிப் போகிறவர்கள் தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் உருட்டும் பழக்கமும் வேண்டாம். ரீஜென் அங்கேயே அறுந்துவிடும்.

மேப்பில் பாஸ்ட் சார்ஜர் தெரிந்தால் போதாது. நெடுஞ்சாலையோரம் இருப்பவை பெரும்பாலும் கார்களுக்கான சிசிஎஸ்-2 வகை சார்ஜிங் கன். பல மூன்று சக்கர வண்டிகளில் அது பொருந்தாது. அஞ்செட்டி, பென்னாகரம் உள்கிராமங்களுக்குப் போகிற வண்டி, திரும்பி வரத் தேவையான சார்ஜையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

ராத்திரி சார்ஜிங்கில் நடக்கும் தவறு இன்னும் செலவு வைக்கும். எட்டு வண்டி இருக்கும் கிடங்கில் மூன்று கிலோவாட் சார்ஜர் எட்டையும் வண்டிகள் வந்ததும் சொருகினால் 24 கிலோவாட். இணைப்பின் அனுமதி பத்து கிலோவாட் என்றால் டிரிப் ஆகும், இல்லை அபராதம் வரும். மூன்று மூன்றாக, பேஸுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். வண்டிக்கு எட்டு யூனிட் தேவையென்றால் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். இரவு 9-க்குத் தொடங்கினால் மூன்று சுற்றும் முடிந்து காலை 6-க்கு எல்லாம் தயார். நள்ளிரவில் பிளக் மாற்ற வாட்ச்மேன் எழுவார் என்று எண்ணுவது வீண் நம்பிக்கை, டைமரோடு கான்டாக்டர் (தானாக லைன் மாற்றும் ஸ்விட்ச்) போட்டுவிடுங்கள். மூன்று கிலோவாட் என்பது மணிக்கணக்காக 13 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் பின் கருகும்; இண்டஸ்ட்ரியல் சாக்கெட், நல்ல எர்த் இரண்டும் கட்டாயம். வெயிலில் ஓடி வந்த பேட்டரியை உடனே சொருகாமல் அரை மணி ஆறவிடுங்கள். சூடு மிஞ்சினால் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் சார்ஜிங்கையே நிறுத்திவிடும், காலையில்தான் தெரியும்.