லீவில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். குழந்தை பிறந்த பிறகு முதல் முறையாகக் குடும்பத்தோடு புதுக்கோட்டைக்குப் போகிறான். போன வாரம் அவன் வீட்டில் திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தேன். 14 வருடத்துக்கு முன்பு நான் செய்ததையெல்லாம் அவனும் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தான். பாஸ்போர்ட் தேதியைப் பார், லக்கேஜ் எடையைப் பார் என்று சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாரும் போகிற மாதத்தில் போவது

இங்கே பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். தமிழ்நாட்டில் ஜூனிலேயே பள்ளி திறந்துவிடுவார்கள். பெரியப்பா பிள்ளைகளோடு விளையாடப் போகிறேன் என்று ஆசையாக வந்த என் மகள், காலையில் அவர்கள் வேன் ஏறிப் போனதும் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்காது. அம்மன் கோயில் கூழுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போகிறவர்களுக்கு அது நல்ல மாதம்தான். சொந்தங்களை ஒரே இடத்தில் பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சரிவராது.

டிசம்பர் கடைசியில் இங்கே குளிர்கால விடுமுறை, அங்கே அரையாண்டுத் தேர்வு விடுமுறை. இரண்டும் சேர்ந்து வருகிற அந்தச் சில நாட்களைப் பிடியுங்கள். தம்பியின் குழந்தைக்கு இரண்டு வயது, பள்ளிக்கே போகவில்லை. அவன் ஏன் ஜூலை விலை கொடுத்தான் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நகை

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊருக்குப் போகும்போது சுங்க வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். நகைக்கு மட்டும். நாணயமும் பிஸ்கட்டும் சேராது.

பிரித்துப் பார்க்காத பார்சல்

இது திரும்பி வரும்போது நடக்கிற தவறு. பத்து வருடமாகியும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

புறப்படுகிற அன்று சாயங்காலம் பக்கத்துத் தெரு அத்தை ஒரு பார்சலோடு வந்தார். அவர் மகன் அஜ்மானில் வேலை பார்த்தான். “என் மவனுக்குக் கொஞ்சம் பலகாரந்தான் தம்பி. பிரிச்சிராத, எண்ணெய் வழிஞ்சிரும்.” சின்ன வயதில் அவர் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அவர் கட்டிய கட்டைப் பிரித்தால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே என்று அப்படியே பெட்டியில் வைத்தேன். திருச்சி விமான நிலையத்தில், பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இங்கே வந்து இறங்கியதும் ஸ்கேனரில் பெட்டியை ஓரமாக எடுத்து வைத்தார்கள். அதிரசம், முறுக்கு, அதற்கடியில் மசாலா சாமான்கள். அவற்றோடு கால் கிலோ கசகசா. என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். யாருடையது, யார் கொடுத்தது, உள்ளே என்ன என்று தெரியுமா, தெரியாதென்றால் ஏன் கொண்டுவந்தாய்? திரும்பத் திரும்ப அதே கேள்விகள். நாலு மணி நேரம். சின்னவனுக்குக் காய்ச்சல். அவனை மடியில் போட்டுக்கொண்டு மனைவி வெளியே பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பொருளைப் பறிமுதல் செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். எல்லாருக்கும் இவ்வளவு லேசாக முடிந்துவிடாது.

கசகசா அபினிச் செடியின் விதை. ஊரில் குருமாவுக்கும் பாயசத்துக்கும் மளிகைக்கடையில் வாங்குகிறோம். அமீரகத்துக்கும் சவூதிக்கும் அதைக் கொண்டுவரவே கூடாது. அத்தைக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

பெட்டியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறதோ, உள்ளே இருப்பது எல்லாம் அவருடையதுதான். அதனால் இப்போது பார்சல் வாங்கும்போதே, “பிரிச்சு அடுக்கித்தான் கொண்டுபோவேன் அத்தை” என்று சொல்லி, கொடுக்கிறவர் முன்னாலேயே பிரிக்கிறேன். ஒருவர் முகம் சுளித்தார். அவர் பார்சலை விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா அரைத்துத் தரும் மசாலாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை கைப்பையிலேயே தங்கிவிடும். வெற்றிலையும் இங்கே தடைதான். கொப்பரை எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் செக்-இன் பெட்டியில் நம் ஊரிலேயே விடமாட்டார்கள்.

மருந்து இதைவிட முக்கியம். கால் எரிச்சலுக்கு ஊர் டாக்டர் சாதாரணமாக எழுதித் தருகிற பிரிகாபலின், வலிக்குத் தருகிற டிரமடால், கொடீன் கலந்த இருமல் மருந்து, இவையெல்லாம் அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்குள் இருப்பவை. அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மருந்துச் சீட்டோடு கொண்டுவாருங்கள். சீட்டில்லாத மாத்திரைப் பட்டையைப் பையில் போடவே போடாதீர்கள்.

வங்கிக் கணக்கு

ஊரில் இருக்கும் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுங்கள். முதல் வாரத்திலேயே கிளைக்குப் போங்கள்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் திரும்புவது

பிரசவம், அம்மாவின் ஆபரேஷன் என்று மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கிவிடுவது நம் வீடுகளில் சகஜம். கோல்டன் விசா என்ற நீண்டகால விசா இல்லாதவர்கள் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அமீரக விசா செல்லாமல் போகும். விசா முடிகிற தேதி இன்னும் ஒரு வருடம் தள்ளி இருந்தாலும் இதுதான் கணக்கு. அமீரகத்தை விட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். குழந்தைக்கும் அதே கணக்கு. உரிய காரணம் காட்டி மறுபடி அனுமதி கேட்க வழி உண்டு, அதற்கு அபராதமும் அலைச்சலும் உண்டு.

தம்பியின் மனைவி, மாமியாரின் மூட்டு ஆபரேஷனுக்காக அங்கேயே தங்கப் போகிறாராம். எத்தனை மாதம் என்று இருவருக்குமே தெரியவில்லை. புறப்பாடு ஜூலை 4. அவர்கள் வீட்டுக் காலண்டரில் டிசம்பர் 20-ஐ வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.